திரையில் இல்லாதவன்

“குவாரிக்கு வடக்க, தொள்ளாயிரம். நல்லாத் தூக்குது” என்கிறான் எத்திராஜ் ரேடியோவில், யாரும் கேட்காமலே, கல்யாண வீட்டில் மைக் அகப்பட்டவன் மாதிரி. குவாரிக்கு வடக்கே இருப்பது நான். ஆயிரத்து நூறு மீட்டரில், இடப்பக்கம் சாய்ந்து, இருபத்தைந்து நொடிக்கு ஒரு சுற்று என்று, கரிசல் காட்டிலிருந்து கிளம்புகிற சூட்டுக்காற்றின் முதுகில் ஏறிக்கொண்டிருப்பது நான். என் தெர்மல் இது. குவாரித் தூசி நேராக எழும்பாமல் ஒரு முறுக்கு முறுக்குவதைப் பார்த்து, அதற்கு மேலே இரண்டு பருந்துகள் இறக்கையை அசைக்காமல் சும்மா நிற்பதைப் பார்த்து, இங்கேதான் என்று பிடித்தது என் கண், எழுபத்துநாலு வயசுக் கண். அதற்குள் இவன் எங்கிருந்து முளைத்தான்? முன்னால் இருக்கிற எச்சரிக்கைப் பெட்டியைப் பார்க்கிறேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி, அதில் ஒரு சின்னத் திரை, ஓரத்தில் விளக்கு. பக்கத்தில் இந்த மாதிரி எஞ்சின் இல்லாத கிளைடர் விமானம் இன்னொன்று வந்தால் புள்ளி காட்டும், மோதுகிற மாதிரி நெருங்கினால் சிவந்துபோய் அலறும். இப்போது ஒன்றும் இல்லை. வானத்தில் தாண்டவராயன் என்கிற நான் ஒருத்தன்தான் என்கிறது. பொய். பெட்டியைக் குற்றம் சொல்லி என்ன, அதன் ஆன்டெனாவை, சுண்டுவிரல் நீளத்துக் கறுப்புக் குச்சியை, பரோட்டா பார்சல் சுற்றி வந்த வெள்ளித்தாளால் மூன்று சுற்றுச் சுற்றி, மினுமினுப்புத் தெரியாமல் மேலே கறுப்பு டேப்பும் ஒட்டியவன் நான்தான். ஐந்து வாரம் ஆகிறது. கேட்டவர்களிடம், வெயில் பட்டுக் குச்சி உருகுகிறது என்றேன். ஏன் சுற்றினேன் என்று கேட்டால், எத்திராஜைக் கேளுங்கள். மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம் அடுத்தவன் போட்ட கம்பத்தில் ஏறியே பழகியவன். வானத்தில் அவன் தேடியது என்று ஒரு தெர்மல் உண்டா? திரையைப் பார்ப்பான், தாண்டவராயன் புள்ளி எங்கே ஏறுகிறது என்று பார்ப்பான், நாயுருவி மாதிரி வந்து ஒட்டிக்கொள்வான், வண்டி புதுசு, எடை குறைச்சல், என்னைத் தாண்டி ஏறிப் போவான். சாயங்காலம் ஹேங்கர் கரும்பலகையில் ‘அதிக நேரம் பறந்தவர்: எத்திராஜ்.’ எட்டு ஞாயிற்றுக்கிழமை. எட்டும் என் காற்று. அதனால் மறைந்தேன். திரையில் இல்லாமல் போனேன். இதில் என்ன தப்பு, பருந்து சொல்லிவிட்டா ஏறுகிறது?

“தொள்ளாயிரத்து அறுபது. ஏ லூர்து, இன்னைக்கு நம்ம ராசிம்மா” என்கிறான் மறுபடி. ஒரு சுற்றில் அறுபது மீட்டர் ஏறிவிட்டான் படுபாவி. நான் ஆயிரத்து நூற்றிருபது. சுற்றுக்கு இருபதுதான் எனக்கு, பழைய வண்டி, இறக்கை ஓரமெல்லாம் ஒட்டுப்போட்டது, நானும் ஒட்டுப்போட்டவன்தான். ஒன்றும் அவசரமில்லை, இடையில் நூற்றறுபது மீட்டர் இருக்கிறது, ஒரு பனை எத்தனை மீட்டர், பத்து வைத்துக்கொள், பதினாறு பனை. நிமிர்த்திக்கொண்டு கிழக்கே போய்விடலாம், இப்போதே போகலாம், மூக்கைத் தூத்துக்குடி பக்கம் திருப்பினால் பத்து நொடியில் இந்தக் காற்றுக்கு வெளியே. போகலாம்தான். ஆனால் நான் ஏன் போக வேண்டும்? சொல்லுங்கள், நான் ஏன்? முதலில் வந்தவன் எவனோ அவன் சுற்றுகிற பக்கம்தான் பின்னால் வருகிறவன் சுற்ற வேண்டும், அதுதான் எங்கள் சட்டம், பின்னால் வருகிறவன்தான் முன்னால் இருப்பவனைப் பார்த்து வர வேண்டும். பார்க்கட்டும். தலையைத் தூக்கி ஒரு தடவை மேலே பார்க்கட்டும். பார்க்க மாட்டான். அவன் தலையில் அகல விளிம்பு வைத்த ஒரு தொப்பி, கொடைக்கானலில் வாங்கியது, அந்த விளிம்புக்கு மேலே உலகமே கிடையாது அவனுக்கு, விளிம்புக்குக் கீழே திரை. திரையில் நான் இல்லை. அப்புறம் இன்னொன்று. காலையில், கீழே கிளப்பில் ரேடியோவும் ரிப்பேரும் பார்க்கிற லூர்து, “அண்ணாச்சி, எங்க இருக்கீங்க, சொல்லுங்க” என்று கேட்டபோது நான், “மில்லுக்கு மேல” என்றேன். மில் எட்டுக் கிலோமீட்டர் தெற்கே. சும்மாதான் சொன்னேன். வாய் அப்படி. மில்லுக்கு மேலே என்று சொன்னால் எத்திராஜ் மில்லுக்குப் போவான், அங்கே ஒன்றும் இராது, கண்மாய்க் கரையில் இறங்கி மாட்டுவண்டிக்குக் கைகாட்டுவான் என்று நினைத்தேன். ஆனால் தாண்டவராயன் மில்லில் என்றால் குவாரியில் ஆளில்லை என்று கணக்குப் போட்டு நேராக இங்கே வந்துவிட்டான். என் பேச்சை முதல் தடவையாக ஒருத்தன் நம்பியிருக்கிறான், அதுவும் இந்த இழவெடுத்தவன், அதுவும் இன்றைக்கு.

“ஆயிரத்து இருபது.” இப்போது நான் ஆயிரத்து நூற்று நாற்பது. பன்னிரண்டு பனை. கண்ணாடி மூடிக்குள் வெயில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுகிறது, காதுக்குப் பின்னால் வேர்வை இறங்கி பனியனுக்குள் போகிறது, கிழக்கே உப்பளங்கள் வெள்ளைச் சதுரமாகக் கண்ணைக் குத்துகின்றன, மேற்கே கரண்டு எடுக்கிற காற்றாடிகள், அந்தக் காற்றாடி இறக்கை ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஒருமுறை நுழைந்து வெளியே வந்திருக்கிறேன், ஒருவரும் நம்பவில்லை, என் வண்டி இறக்கையில் பருந்து முட்டையிட்டு அதை உடையாமல் இறக்கினேன், அதையும் நம்பவில்லை, எத்திராஜ் மட்டும், “ஆம்லெட் போட்டீரா?” என்று கேட்டான், கிளப்பே சிரித்தது. சிரிக்கட்டும். இப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது என் நினைப்பெல்லாம் என் பிட்டத்தில் இருக்கிறது. கிளைடரில் சாய்ந்து படுத்த மாதிரி உட்கார வேண்டும், உட்காருகிற பலகைக்குக் கீழே நகம் கனத்தில் ஒரு ஃபைபர் தோல், அதற்குக் கீழே ஆகாயம், ஆகாயத்தில் எத்திராஜ். எனக்குக் கீழே பார்க்க வழியில்லை. என் வண்டியின் இறக்கையும் வயிறும் அவனை மறைக்கும். முதுகில் எறும்பு ஏறினால் தெரியும், இது எறும்பில்லை, கால் டன் எறும்பு, விசில் அடித்துக்கொண்டு மேலே வருகிற எறும்பு. அப்புறம்தான் அது உறைக்கிறது. அவன் சொல்கிற ஆயிரத்து இருபதும் நான் பார்க்கிற ஆயிரத்து நூற்று நாற்பதும் ஒரே கணக்கா? உயரமானியைப் புறப்படும்போது தரைக்குச் சரிசெய்ய வேண்டும், எல்லோரும் செய்வார்கள், இன்றைக்கு நான் முதல் ஆளாக மேலே போக வேண்டும் என்ற வெறியில் அதைத் தொடவே இல்லை. போன வாரத்து உயரம் இது. போன வாரத்துக் காற்றழுத்தம். ஐம்பது மீட்டர் கூடலாம், குறையலாம். பன்னிரண்டு பனை இல்லை, ஏழாக இருக்கலாம். இல்லை, அவன் இப்போதே என் வயிற்றைத் தொப்பியால் துடைத்துக்கொண்டிருக்கலாம். போய்விடு என்கிறேன் எனக்கு நானே, நிமிர்த்து, போய்விடு. கை போக மாட்டேன் என்கிறது. நிமிர்த்தினால் வட்டத்துக்குக் குறுக்கே போக வேண்டும், அவன் வட்டத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கிறானோ தெரியாது. இறக்கையிலுள்ள பிரேக்கைத் திறந்தால் நேராக அவன் தலையில் இறங்குவேன். முதல் சுற்றிலேயே போயிருக்க வேண்டும். நான் ஏன் போக வேண்டும் என்று கேட்டவனைப் பிடித்து நாலு அறை விடலாம் போலிருக்கிறது, அவனோ என் சட்டைக்குள்தான் இருக்கிறான்.

சொல்லிவிடலாம். ரேடியோ பட்டன் கட்டைவிரலுக்குக் கீழேதான் இருக்கிறது. சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் விரல் அழுத்தவில்லை. போன மாசம் கமிட்டியில் நான்தான் எழுந்து நின்றேன். எத்திராஜின் பெட்டியில் கோளாறு, இருநூறு மீட்டரில் என்னைப் பார்க்கவில்லை, ஆன்டெனா செத்துவிட்டது, அது ஒரு நாள் யாரையாவது கொல்லும் என்று கையைக் காலை ஆட்டிப் பேசினேன். எழுதியும் கொடுத்தேன். அவன் வண்டியை மூன்று வாரம் தரையில் கட்டிப்போட்டார்கள். லூர்து அதன் மூக்கைக் கழற்றி, வயரை உருவி, புது ஆன்டெனா வரவழைத்துப் போட்டாள். தூத்துக்குடிக்காரி, கப்பல் ரேடியோ பார்த்த கை, ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திட்டாமல் திருக மாட்டாள். “எத்திராஜ் சார் பெட்டியில ஒரு சொத்தையும் இல்ல அண்ணாச்சி. ஒங்க வண்டியையும் ஒருக்கப் பாத்துருதேன்” என்றாள். நான், “என் வண்டியத் தொட்டா ஒனக்குக் கை இருக்காது” என்றேன். அவள் போகும்போது ஒன்று சொன்னாள்: “ஆன்டெனாதான் பெட்டிக்கு வாயும் காதும். ஒண்ண அடச்சா ரெண்டும் அடச்சுக்கிடும். ஞாபகம் வச்சுக்கிடுங்க.” அவளுக்குத் தெரிந்திருக்குமா? அன்றைக்கு நான் என்ன சொன்னேன், என் வீட்டுக்காரி மாதிரி என்றேன், ஏதோ ஒரு கிறுக்குத்தனம். எத்திராஜுக்கு இன்றைக்குத்தான் மூன்று வாரம் கழித்து முதல் பறப்பு. இப்போது பட்டனை அழுத்தி, நான்தான் தாள் சுற்றினேன் என்று சொன்னால், அதற்கப்புறம் எனக்குப் பறப்பு இல்லை. வருஷம் ஒருமுறை டாக்டர் என் காகிதத்தில் கையெழுத்துப் போடுமுன் பேனாவை அரை நிமிஷம் காற்றில் பிடிப்பார். கிளப்புக்கு ஒரு காரணம் போதும். திங்கள் முதல் சனி வரை நான் யார்? பல்லைக் கழற்றி டம்ளரில் போடுகிற கிழவன். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம்தான் நான் ஆள். அதைக் கொடுக்க வேண்டும். எத்திராஜுக்காக. எத்திராஜுக்காகவா? நானும்தானே உடைந்து விழுவேன். ஆனால் பாருங்கள், என் சாவு எனக்கு அவ்வளவு பெரிசாகத் தெரியவில்லை, அவன் சாவுதான் தொண்டையில் நிற்கிறது. இந்தச் சனியனைக் கொன்றவன் என்ற பெயரோடு நான் எரிய வேண்டுமா?

“ஆயிரத்து எம்பது” என்று அவன் சொல்லி முடிக்குமுன் அழுத்திவிட்டேன். “எத்திராசு, மேல பாரும். நான் ஒம்ம தலைக்கு மேல இருக்கேன். குவாரியில இருக்கேன்.” ஒரு கணம் இரைச்சல். அப்புறம் சிரிப்பு. “மில்லுல இருந்து எட்டுக் கிலோமீட்டரு எட்டிப் பாக்கீரோ? கழுத்து வலிக்காது?” “வே, மயிரு, வெளையாடல. வலப்பக்கம் ஒடிச்சு வெளிய போரும்!” “ஓஹோ. நல்லாத் தூக்குதுன்னு சொன்னேன்லா, அதான் வெரட்டுதீரு. நீரு வாரதுக்குள்ள நான் ஏறிருவேன் வே.” நடுவில் லூர்து குரல், “அண்ணாச்சி, ஒங்கள இங்க ஸ்க்ரீன்ல காணுமே. எத்திராஜ் சார் மட்டுந்தான் குவாரியில தெரியுதாரு.” பட்டனை மறுபடி அழுத்துகிறேன். “தெரிய மாட்டேன் தாயி. ஆன்டெனாவுல வெள்ளித்தாள் சுத்தியிருக்கேன். பரோட்டாத் தாளு. அஞ்சு வாரமா.” சொல்லிவிட்டேன். கமிட்டி, டாக்டர், ஞாயிற்றுக்கிழமை, எல்லாவற்றையும் தூக்கி மைக்கின் அந்தச் சின்ன ஓட்டையில் போட்டுவிட்டேன். பதிலுக்கு எத்திராஜ் சிரிக்கிற சிரிப்பில் ரேடியோ அதிர்கிறது. “பரோட்டாத் தாளா! சால்னா ஊத்தலையா? லூர்து, கேட்டியா, முட்டைக்குப் பொறவு இதுதாம்மா டாப்பு!” வாழ்நாளில் நான் சொன்ன எந்தப் பொய்யையும்விட இந்த உண்மை கேவலமான பொய்யாகக் கேட்கிறது, என் காதுக்கே. கீழே லூர்து நம்பினாளோ, தலையில் அடித்துக்கொண்டாளோ.

பேச்சால் ஆகாது. கையால்தான். வலக்கை வண்டியை ஓட்டுகிற கம்பை விடக்கூடாது, இடக்கையை நீட்டுகிறேன், தோள் பட்டை இழுக்கிறது, குச்சிக்கு நாலு விரற்கடை தூரம் பாக்கி. பட்டையைத் தளர்த்துகிறேன், உடம்பு முன்னால் சரிகிறது, பிடித்துவிட்டேன், டேப். எவன் ஒட்டினான் இதை இவ்வளவு இறுக்கமாக, சவத்தெளவு, நான்தான். நேற்றுத்தான் நகம் வெட்டினேன். முனை எங்கே, முனையே இல்லை, ஐந்து வாரத்து வெயிலில் டேப் உருகிக் குச்சியோடு குச்சியாகிவிட்டது. வேகமாக இழுக்கலாம், குச்சி ஒடிந்தால் அப்புறம் பெட்டி கட்டையோடு கட்டை, வாயும் இல்லை காதும் இல்லை. மெதுவாக இழுக்க நேரம் இல்லை. “ஆயிரத்து நூத்தி நாப்பது” என்கிறான், இன்னும் சிரிப்பு மிச்சமிருக்கிற குரலில். என் முள் ஆயிரத்து நூற்று எண்பது. நாலு பனை, அந்த ஐம்பதைக் கழித்தால் பனையே இல்லை. டேப்புக்குக் கீழே கட்டைவிரல் நுழைகிறது, ஏதோ கிழிகிறது, விரலா தாளா தெரியவில்லை, வெள்ளையாக ஒரு கீற்று, இன்னொரு இழுப்பு, தாள் பாதி உரிந்து கையோடு வருகிறது. பெட்டி அலறுகிறது. இவ்வளவு சின்னப் பெட்டிக்குள் இவ்வளவு பெரிய கத்தலை எப்படி அடைத்தார்கள், திரை முழுக்க ஒரே சிவப்பு, நேர் கீழே, நேர் கீழே என்கிறது. ரேடியோவிலும் அதே அலறல் கேட்கிறது, அது என்னுடையது இல்லை, அவனுடைய பெட்டி, அவன் பட்டனை அழுத்தியபடியே இருக்கிறான். இரண்டு கையாலும் கம்பை வயிற்றுக்கு இழுக்கிறேன். இறக்கை நடுங்குகிறது, காற்று நின்றுபோன மாதிரி ஒரு மௌனம், அந்த மௌனத்தில் என் வலது இறக்கைக்கு அடியிலிருந்து வெள்ளையாக ஒன்று புரண்டு வெளியே வருகிறது. திமிங்கிலம் மாதிரி. எவ்வளவு தூரம் என்று கேட்காதீர்கள், நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். தொப்பி கழன்றுவிட்டது. வழுக்கைத் தலை, மூக்குக் கண்ணாடியின் கயிறு காதில் தொங்குகிறது, வாய் திறந்திருக்கிறது. என்னைப் பார்க்கிறான். நான் அவனைப் பார்க்கிறேன். அப்புறம் அவன் இறக்கை செங்குத்தாகச் சாய்ந்து, குவாரி, வானம், உப்பளம் எல்லாவற்றையும் ஒரு வீச்சில் துடைத்துவிட்டுப் போகிறது.

அலறல் நிற்கிறது. ரேடியோவில் மூச்சு. அவன் விரல் பட்டனை விடவில்லை, விறைத்துப்போய் அப்படியே இருக்கிறது, ஒருத்தன் பட்டனை அழுத்தியிருந்தால் வேறு யாரும் பேச முடியாது, ஆகவே வானம் முழுக்க, ஹேங்கர் முழுக்க, எத்திராஜின் மூச்சு மட்டும். இரைக்கிறது. நடுவில் சின்னதாக ஒரு சத்தம், “அம்மா” என்றா, இருமலா. அறுபத்தாறு வயசு. கேட்கப் பிடிக்கவில்லை, ஒலியைக் குறைக்கக் கை போகிறது, குறைக்கவில்லை. என் தலைக்குள் அதற்குள் கதை தயார். மூன்று கதை. ஒன்று, பருந்து வந்து ஆன்டெனாவில் மோதியது. இரண்டு, ஐயோ இப்போதுதான் வந்தேன் மில்லிலிருந்து, அந்தக் காற்றில் ஒரு இழுப்பு இழுத்தது பார். மூன்றாவது ரொம்ப நன்றாக இருந்தது, அதில் நான் அவனைக் காப்பாற்றுகிறேன். பட்டனை அழுத்தினேன், போகவில்லை, அவன் மூச்சு வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இருபத்தைந்து நொடி. ஒரு முழுச் சுற்று. அந்தச் சுற்றில் மூன்று கதையும் ஒவ்வொன்றாக என் வாயிலேயே காய்ந்து போயின. கட்டைவிரலில் ரத்தம், கம்பில் பிசுபிசுக்கிறது. டக் என்று வழி திறந்தது. லூர்து கத்துகிறாள், “ரெண்டு பேரும் பேசுங்க! யாராச்சும் ஒருத்தர் பேசுங்க!” எத்திராஜ்தான் பேசினான். சத்தமே இல்லாமல். “லூர்து. எம் பெட்டி நல்லா இருக்கும்மா.” அவ்வளவுதான். திட்டுவான் என்று காத்திருந்தேன், என் அம்மாவை, அக்காவை, பரம்பரையை. திட்டினால் நான் இரண்டு மடங்கு திட்டுவேன், அதோடு கொஞ்சம் லேசாகும். திட்டவில்லை. பழிகாரன்.

நான் பட்டனை அழுத்தினேன். “தாண்டவராயன். குவாரிக்கு வடக்க, ஆயிரத்து இருநூறு. இறங்குதேன்.” கீழே லூர்து திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள், பாதி உரிந்த தாளோடு என் புள்ளி விட்டு விட்டுத் தெரியும், இருக்கும், இராது, நம்பலாமா கூடாதா என்று யோசிப்பாள். மறுபடி சொன்னேன், குரல் எனக்கே பிடிக்காத குரலாக வந்தது, ரேஷன் கடையில் அட்டையைக் காட்டுகிறவன் குரல். “குவாரிக்கு வடக்க. நெசமாத்தான்.” பிறகு எத்திராஜ். எங்கே இருக்கிறான் என்று தேடினேன், வட்டத்துக்கு எதிர்ப்பக்கம், நான் நன்றாகப் பார்க்கிற தூரத்தில், என்னைவிட்டு விலகாமல், வெறும் மண்டையில் வெயில் அடிக்க, முகத்தை என் பக்கமே வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தான். “உண்மைதான் லூர்து” என்றான். “அங்கதான் இருக்காரு. நான் கண்ணால பாக்குதேன்.” எழுபத்துநாலு வருஷத்தில் என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லுக்கு ஒருத்தன் சாட்சி நின்றதில்லை. நிற்பதற்கு வேறு ஆள் கிடைக்கவில்லையா? “முன்னால போரும்” என்றான். நான் பிரேக்கைத் திறந்தேன்.